வாசலில் யார் அமர்வது?

போடிநாயக்கனூரில் எந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எவரையும் கேட்கத் தேவையில்லை, மூக்கே சொல்லிவிடும். ஏலக்காய்க் கிட்டங்கிகள் உள்ள தெருக்களில் இரவு பத்து மணிக்குமேல் நடந்துபோனால், இழுத்துப் பூட்டிய இரும்புக் கதவுகளையும் கடந்து அந்த மணம் வீதியில் வந்து நிற்கும். கதவுக்கு முன்னால் ஒரு நாற்காலி. அதில் குரங்குக் குல்லாயும் கம்பளித் துண்டுமாக ஒருவர். கையில் டார்ச் விளக்கு. காலடியில் சோற்றுத் தூக்கு. உள்ளே கிடக்கும் சரக்கின் மதிப்பு அவருக்கு நன்றாகவே தெரியும். அதைக் காக்கும் அவருடைய மதிப்பு என்ன என்பதைத்தான் இங்கே எண்ணிப்பார்க்க விரும்புகிறோம்.

காவல் என்பது எங்கள் பகுதிக்குப் புதிய சொல் அன்று. ஊர் எல்லையில் நிற்கும் கருப்பசாமிக்கும் ஐயனாருக்கும் அரிவாளும் குதிரையும் தந்து காவலை ஒப்படைத்த மண் இது. மனிதக் காவலும் ஒருகாலத்தில் இங்கே முறையான ஓர் ஏற்பாடாகவே இருந்தது. மதுரைச் சீமையின் ஊர்கள் காவல்கூலி கொடுத்தன. களவு போனால் காவல் பொறுப்பேற்றவர்கள் கண்டுபிடித்துத் தரவேண்டும், இல்லையேல் ஈடு கட்டவேண்டும். அந்த ஏற்பாட்டில் அடாவடியும் கலந்திருந்தது, அதை மறைப்பதற்கில்லை. ஆங்கில அரசு அதனை ஒழிக்க முனைந்து, காவல்கார மரபினரைக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ்க் கொண்டுவந்து, கைரேகை பதியவைத்தது. அதற்கு எதிர்ப்புத் தெரிவித்த பெருங்காமநல்லூர் மக்கள் 1920 ஏப்ரல் 3ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அந்த நீண்ட வரலாற்றில் ஒன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறோம். அன்று காவல்காரர் கூட்டமாக நின்று ஊரோடு கூலி பேசினார்கள். இன்றைய காவலாளியோ தனி ஆள். அவருக்குக் கூலி பேசுகிறவர் வேறொருவர்.

யார் இவர்கள்? எங்கள் ஊரில் பலர் ஒருகாலத்தில் மலையேறி வேலை செய்தவர்கள். ஏலச்செடியின் அடியில் குனிந்து குனிந்து, முழங்கால் தேய்ந்த பிறகு இறங்கி வந்தவர்கள். சிலர் கடை நடத்தி நொடித்தவர்கள். சிலர், பிள்ளைகள் வெளியூர் போய்விட்டதால், வீட்டில் தனியே உறங்குவதைக் காட்டிலும் வாசலில் விழித்திருப்பது மேல் என்று வந்தவர்கள். முதலாளியிடம் நேரே சம்பளம் வாங்குவோர் ஒரு வகை. ஏஜென்சி வழியாக வந்து, நீலச் சட்டையும் தொப்பியும் அணிந்து, 'செக்யூரிட்டி' என்ற பெயர் பெற்றோர் மற்றொரு வகை. இரு வகையினருக்கும் நாள் என்பது பன்னிரண்டு மணி நேரம். ஏஜென்சிக்காரருக்கு உரிமம் வழங்க 2005ஆம் ஆண்டிலேயே நடுவண் அரசு சட்டம் செய்துவிட்டது. காவலாளிக்குப் பயிற்சி வேண்டும், அடையாள அட்டை வேண்டும் என்றெல்லாம் அது கூறுகிறது. நல்லதுதான். ஆயினும், பன்னிரண்டு மணி நேரம் நின்ற காலுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட ஊதியம் கிடைத்ததா என்று கேட்க அந்த வாசலுக்கு அதிகாரி வந்ததை நாங்கள் பார்த்ததில்லை.

மேலே, மலைச்சரிவில் நிலை இன்னும் கடினம். போடிமெட்டு ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் போனால், ஏலத்தோட்டங்களின் நடுவே காய் உலர்த்தும் ஸ்டோர்கள் இருக்கின்றன. எடுத்த பச்சைக்காய் ஏறத்தாழ ஒரு பகலும் இரவும் சூட்டில் கிடந்து உலரவேண்டும். ஐந்து கிலோ பச்சைக்காய் ஒரு கிலோவாகச் சுருங்கும். அந்த இரவில் அடுப்பைப் பார்ப்பவரும் விழித்திருப்பார். வாசலைப் பார்ப்பவரும் விழித்திருப்பார். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏல மையத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போயிற்று. காயின் விலையோடு திருட்டைப் பற்றிய அச்சமும் ஏறியது. செடியிலேயே காயைக் காக்க ஆள் போட்டார்கள். அந்த மலையில் இரவில் வருவது திருடன் மட்டுமன்று. 2023 சனவரியில் பன்னியாறு எஸ்டேட் பகுதியில், யானைகளை விரட்டுவதில் தேர்ந்தவர் என்று மக்கள் நம்பியிருந்த வனக் காவலர் ஒருவர் யானையாலேயே உயிரிழந்தார். அதே ஆண்டு மே இறுதியில் அரிக்கொம்பன் யானை கம்பம் நகருக்குள் புகுந்தபோது அடிபட்டு, சில நாள்களில் இறந்துபோனவரும் காவலாளியாக வேலை செய்தவர்தான். அரிக்கொம்பனின் பெயர் நாடு முழுவதும் தெரிந்தது. அவருடைய பெயரை எங்கள் மாவட்டத்திலேயே எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

எங்கள் அன்பியக் கூட்டம் ஒன்றில் இந்தப் பேச்சு எழுந்தது. ஏலக்காய் தரம் பிரிக்கும் பெண்களுக்கும், லோடு ஏற்றுவோருக்கும், ஆட்டோ ஓட்டுவோருக்கும் ஏதோ ஒரு சங்கம் இருக்கிறது. இவர்களுக்கு மட்டும் ஏன் இல்லை என்று ஓர் இளைஞர் கேட்டார். கேட்டதோடு நில்லாமல், நாங்கள் சிலர் ஒரு கிட்டங்கி வாசலில் பல ஆண்டுகளாக அமர்ந்திருக்கும் முதியவரிடம் போய்ப் பேசினோம். கட்சிக்காரர் எவரும் தலைமை தாங்காத, நீங்களே நடத்துகிற சங்கமாக இருக்கட்டும் என்றோம். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். தூக்குச் சட்டியின் மூடியைத் திருகி மூடினார்.

"நல்ல காரியந்தான் தம்பி. வேணாம்னு சொல்லல. ஆனா சங்கக் கூட்டத்துக்கு நான் வந்துட்டா, இந்த வாசல்ல யாரு உக்காருறது?"

நாங்கள் சிரித்தோம். திரும்பி வரும் வழியில்தான் அது சிரிக்கத்தக்க கேள்வி அன்று என்பது உறைத்தது. நூற்பாலைத் தொழிலாளர் நூறு பேர் ஒரே வாயிலில் நுழைகிறார்கள். ஒரே மணியோசைக்கு வெளியே வருகிறார்கள். தேநீர்க் கடையில் ஒன்றாக நிற்கிறார்கள். அவர்களுடைய சங்கம் பாதி அங்கேயே உருவாகிவிடுகிறது. காவலாளிக்கோ உடன் வேலை செய்பவர் என்று கண்ணெதிரே எவரும் இல்லை. அவர் வரும்போது மற்றவர் போகிறார். மாற்று ஆள் வராவிட்டால் இருபத்து நான்கு மணி நேரமும் அவரே. நகராமல் இருப்பதே அவருடைய வேலை. ஒன்றுகூடுவதற்கோ நகர்ந்துதானே ஆகவேண்டும்!

இன்னொரு முடிச்சும் இருக்கிறது. மாலையில் வேலை முடிந்து வெளியே வரும் பெண்ணின் பையைத் திறந்து பார்க்கிறவர் இவரே. அவளும் கூலிக்காரி, இவரும் கூலிக்காரர். ஒரே தெருவில் குடியிருப்பவர்களாகவும் இருக்கலாம். ஆயினும் அந்த ஒரு நிமிடத்தில் இவர் முதலாளியின் கண். அவள் மனத்தில் எழும் கசப்பு முதலாளியை எட்டுவதில்லை, வாசலோடு நின்றுவிடுகிறது. வேலைநிறுத்தம் வந்தால் கதவுக்கு வெளியே தொழிலாளர், உள்ளே முதலாளி, நடுவில் இவர். இந்த நடுநிலையைச் சில நாடுகள் சட்டமாகவே எழுதிவைத்திருக்கின்றன. அமெரிக்காவில் 1947இல் வந்த டாஃப்ட்-ஹார்ட்லி சட்டத்தின்படி, பிற தொழிலாளரையும் உறுப்பினராகச் சேர்க்கும் சங்கத்தைக் காவலாளிகளின் பிரதிநிதியாக அரசின் தொழிலுறவு வாரியம் சான்றளிக்கக்கூடாது. காவலாளியின் பற்று இரண்டாகப் பிளந்துவிடும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அங்கே காவலாளிகளுக்கென்றே தனித்த சங்கங்கள் பல இருப்பது இதனால்தான். பெரிய சங்கத்தோடு சேர விரும்பியவர்களுக்கு ஒரே வழி, உரிமையாளரைத் தாமாக ஒப்புக்கொள்ளச் செய்வது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் உயர்ந்த அலுவலகக் கட்டடங்களில் நின்ற காவலாளிகள், பெரும்பாலும் கறுப்பின மக்கள், அவ்வழியில்தான் பல ஆண்டுகள் போராடி 2008இல் தம் முதல் ஒப்பந்தத்தைப் பெற்றார்கள். சட்டத்தின் துணை இல்லாத இடத்தில் அவர்களுக்குத் துணையாக நின்றவை அவர்கள் குடியிருந்த பகுதிகளும், அவர்கள் வழிபட்ட கோவில்களும்.

நம் நாட்டில் அத்தகைய தடை இல்லை. மும்பையில் இதற்கு வேறொரு வழி கண்டார்கள். சுமைதூக்கும் மாத்தாடித் தொழிலாளருக்காக 1969இல் மராட்டிய மாநிலம் செய்த சட்டத்தைப் பின்பற்றி, தனியார் காவலாளிகளுக்காக 1981இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அரசு, முதலாளிகள், தொழிலாளர் ஆகிய மூன்று தரப்பும் அமரும் வாரியத்தில் காவலாளி பதிவு செய்துகொள்கிறார். வாரியம் அவரை வேலைக்கு அனுப்புகிறது. ஊதியமும் வாரியத்தின் வழியே வருகிறது. இடைத்தரகரின் இடத்தில் வாரியம் நிற்கிறது என்று சுருக்கமாகச் சொல்லலாம். விலக்குப் பெற்ற ஏஜென்சிகள் அங்கும் பெருகின என்பது உண்மையே. எனினும் வாசலில் நிற்பவருக்கு ஓர் அலுவலகம், ஒரு பதிவெண், முறையிட ஓரிடம் இருக்கிறது.

அவ்வளவு தொலைவு போவானேன்? எங்கள் மலையை ஏறி இறங்கினால் மூணாறு. அந்த ஊருக்கும் போடிக்கும் உள்ள உறவு தேயிலையால் பின்னியது. குண்டளைப் பள்ளத்தாக்கின் சிறு இரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வந்த தேயிலைப் பெட்டிகள், அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, பின் போடிக்கு வந்த காலம் உண்டு. 1924ஆம் ஆண்டு வெள்ளம் அந்த இரயிலை அடித்துச் சென்றது. தேயிலை கீழே இறங்கிய அதே மலையில் நம் மக்கள் மேலே ஏறினார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் கொள்ளுப் பேரப்பிள்ளைகளும் இன்றும் லயங்களில் தமிழ் பேசுகிறார்கள்.

அங்கே 2015 செப்டம்பரில் நடந்ததை வாசகர் பலர் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். கண்ணன் தேவன் தோட்டங்களில் அந்த ஆண்டு போனஸ் 10 விழுக்காடு என அறிவிக்கப்பட்டது. இலாபம் குறைந்துவிட்டது என்பது நிறுவனத்தின் விளக்கம். 2005 முதல் தொழிலாளரையும் பங்குதாரராகக் கொண்ட நிறுவனம் அது என்பதையும் சொல்லவேண்டும். கொழுந்து பறிக்கும் பெண்கள், 20 விழுக்காடு போனசும், 232 ரூபாயாக இருந்த நாள்கூலியை 500 ஆக்கவும் கேட்டு, ஆயிரக்கணக்கில் மூணாறு நகரத்திற்கு இறங்கி வந்து நெடுஞ்சாலையில் அமர்ந்துவிட்டார்கள். அவர்களுக்குச் சங்கங்கள் இல்லாமல் இல்லை. மூன்று பெரிய தொழிற்சங்கங்களும் ஆண்டாண்டு காலமாக அங்கே உண்டு. அந்தச் சங்கங்களின் தலைவர்களைத்தான் அவர்கள் முதலில் அருகே வராதீர்கள் என்றார்கள். தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரையே திருப்பி அனுப்பினார்கள். தங்கள் வீட்டு ஆண்களையும் ஒதுங்கி நிற்கச் சொன்னார்கள். அவர்கள் தங்களுக்கு இட்டுக்கொண்ட பெயர் 'பெம்பிளை ஒருமை'. பெண்பிள்ளைகளின் ஒற்றுமை என்று பொருள்.

ஒன்பது நாள் அவர்கள் அமர்ந்திருந்தார்கள். சுற்றுலா முடங்கியது. முதுபெரும் தலைவர் வி. எஸ். அச்சுதானந்தன் வந்து அவர்களோடு அமர்ந்தார். அவரை மட்டும் ஏற்றுக்கொண்டார்கள். செப்டம்பர் 13 அன்று முதலமைச்சர் உம்மன் சாண்டியின் முன்னிலையில் நடந்த பேச்சில், 8.33 விழுக்காடு போனசும் 11.67 விழுக்காடு கருணைத் தொகையுமாக, அவர்கள் கேட்ட 20 கிடைத்தது. கூலிக்கான போராட்டம் அக்டோபர் வரை நீண்டது. அதில் 500 கிடைக்கவில்லை. தேயிலைக்கு 301 ரூபாய் என முடிவாயிற்று. எங்கள் ஊரார் பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. அதே பேச்சில் ஏலத்தோட்டக் கூலியும் 267இலிருந்து 330 ஆயிற்று. விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் ஏலத்தோட்டங்களுக்குப் போகிற பெண்கள் மூணாற்றுச் சாலையில் அமரவில்லை. ஆனாலும் அந்தப் போராட்டம் அவர்களுடைய கூலிக் கணக்கைத் தொட்டது. தோட்டத்துக் காவலாளியின் கணக்கைத் தொட்டதா? ஏட்டில் தோட்டத் தொழிலாளியாகப் பதியப்பட்டவருக்குத் தொட்டிருக்கலாம். ஏட்டிலேயே இல்லாதவருக்கு எப்படித் தொடும்?

அதன்பின் நடந்ததையும் மறைக்காமல் சொல்வதே முறை. 2015 நவம்பர் உள்ளாட்சித் தேர்தலில் பெம்பிளை ஒருமை ஓர் ஒன்றிய இடத்தையும் இரண்டு ஊராட்சி இடங்களையும் வென்றது. விரைவிலேயே தலைமைக்குள் பிளவு வந்தது. கட்சிகள் ஆளுக்கொருவராக இழுத்தன. கூலிப் பேச்சு மேசையில் பழைய சங்கங்களே அமர்ந்திருந்தன. இதைக் காட்டி, 'பார்த்தீர்களா, கட்சியில்லாத சங்கம் நிலைக்காது' என்று எங்களிடம் சொன்னவர்கள் உண்டு. நாங்கள் அதை வேறு விதமாகப் படிக்கிறோம். ஒன்பது நாள் சாலையில் அமர்வதற்கு ஊரின் அனுதாபம் போதும். ஒன்பது ஆண்டு அலுவலகம் நடத்துவதற்கு அது போதாது. கணக்கு எழுத ஆள் வேண்டும். மனு எழுதத் தெரிந்தவர் வேண்டும். வாடகையின்றி அமர ஓரிடம் வேண்டும். தலைவர் ஒருவர் சறுக்கினால் தாங்கிப் பிடிக்க அடுத்தவர் வேண்டும். போராட்டத்தின்போது உடன் நின்ற ஊர், அது முடிந்த மறுநாள் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது. காவலாளிகளுக்குச் சாலையில் அமரும் பலமும் இல்லை. ஆதலால் அவர்களுக்கு ஊரின் துணை முதல் நாளிலிருந்தே வேண்டும்.

இந்த இடத்தில் நம் திருச்சபையின் பெயரும் வந்துவிடுகிறது. 1891இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலில், தொழிலாளர் தமக்கெனச் சங்கம் அமைத்துக்கொள்வது இயல்பான உரிமை என்றும், அரசு அதனைத் தடுக்கலாகாது என்றும் எழுதினார். 2025இல் பொறுப்பேற்ற புதிய திருத்தந்தை பதினான்காம் லியோ, தாம் அப்பெயரைத் தேர்ந்ததற்கு அந்தச் சுற்றுமடலையும் ஒரு காரணமாகக் குறிப்பிட்டார். மகிழ்ச்சியோடு கைதட்டினோம். கைதட்டிய கையோடு, நம் பள்ளிகளின், மருத்துவமனைகளின், கல்லறைத் தோட்டங்களின் வாயிலில் நிற்பவருக்கு வார விடுமுறை உண்டா என்று ஒவ்வொரு பங்கிலும் கேட்டுப் பார்க்கலாமே! அவர் நம் மறையைச் சேர்ந்தவராக இருக்கவேண்டும் என்பதில்லை. ஞாயிறு திருப்பலிக்கு நாம் உள்ளே நுழையும்போது நம் மிதியடிகளுக்கும் வண்டிகளுக்கும் காவல் நிற்கிறவர் அவரே.

சட்டம் கேட்பது அதிகம் இல்லை. 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்திலும், 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்திற்கு வந்துள்ள தொழில் உறவுத் தொகுப்புச் சட்டத்திலும், பதிவு விண்ணப்பத்தில் ஒப்பமிட ஏழு பேர் வேண்டும். அந்நிறுவனத்தில் அல்லது தொழிலில் உள்ளோரில் பத்தில் ஒரு பங்கினரோ நூறு பேரோ, எது குறைவோ அவ்வளவு பேர் உறுப்பினராக இருக்கவேண்டும். பெரிய தொகையும் இல்லை. பெரிய மனிதரின் சிபாரிசும் தேவையில்லை. ஏழு பேர்! ஒரு பந்தியில் அமரும் ஆள்கள்கூட இல்லை. ஆனால் எங்கள் ஊரில் ஏழு காவலாளிகள் ஒரே நேரத்தில் ஓரிடத்தில் அமர்ந்து நாங்கள் இன்னும் பார்க்கவில்லை.

முதியவரின் கேள்விக்கு இப்போதைக்கு எங்களுக்குக் கிடைத்த விடை இதுதான். கூட்டத்தை இரண்டாகப் பிரித்துவிட்டோம். இரவுக் காவல் முடிந்தவர்கள் காலை எட்டரைக்கு வருகிறார்கள். பகல் காவல் முடிந்தவர்கள் இரவு எட்டரைக்கு வருகிறார்கள். தேநீரும் பன்னும் பெண்கள் பணிக்குழு பார்த்துக்கொள்கிறது. காலையில் வருபவர்களுக்குப் பாதிப் பேச்சில் கண் சொருகிவிடும். அரை மணி நேரத்திற்குமேல் அவர்களை இருத்தக்கூடாது என்பது நாங்கள் வைத்துக்கொண்ட விதி. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஊதியச் சீட்டுகளைச் சரிபார்த்துத் தருகிறார். சீட்டே தராத ஏஜென்சிகளுக்கு என்ன செய்வது என்பது அடுத்த மாதப் பேச்சு. எங்களில் எவரும் சங்கத்தில் பொறுப்பு ஏற்பதில்லை என்பதையும் முதலிலேயே முடிவு செய்துவிட்டோம். மண்டபத்தின் சாவி மட்டும் எங்களிடம்.

இரண்டு கூட்டங்களுக்கும் ஒரே குறிப்பேடு. காலையில் வந்தவர் எழுதிவைத்ததை இரவில் வருபவர் வாசிக்கிறார்; தம் பங்குக்கு எழுதிவிட்டுப் போகிறார். ஒருவரையொருவர் கண்டிராதவர்கள் அந்த ஏட்டில் பேசிக்கொள்கிறார்கள். ஏட்டின் கடைசிப் பக்கத்தில் ஒப்பமிடச் சம்மதித்தவர்களின் பெயர்கள் இருக்கின்றன. ஐந்து பெயர்கள், அவற்றுள் இரண்டு கைநாட்டு. முதியவருடையது மூன்றாவது. ஆறாமவர் வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்வதாகக் கூறியிருக்கிறார். அவருடைய ஏஜென்சிக்காரர் குடியிருப்பதும் அதே தெருவில்தான்.